நீரடியில் ஒரு புகலிடம்

கரையில் நின்று நோக்குபவர்க்கு ஏரி ஒன்றே. அக்கரை முதல் இக்கரை வரை ஒரே நிறம். காற்று வீசினால் ஒரே சிற்றலை. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்துச் செம்புரோங் நீர்த்தேக்கத்தின் கரையில் மாலைப்பொழுதில் தூண்டிலோடு அமர்ந்திருப்பவருக்கும், கோத்தா திங்கிக் காடுகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் லிங்கியு நீர்த்தேக்கத்தைக் காண்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆயினும் அந்நீர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளைக் கொண்டது. ஓரடுக்கில் வாழக்கூடிய உயிர் மற்றோர் அடுக்கில் மூச்சடைத்து மாளும். கரையிலிருப்பவன் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இவ்வுண்மையை மீன் தன் உடலால் அறிந்திருக்கிறது.

நீரின் இயல்பு விந்தையானது. அது நான்கு டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மிகுந்த அடர்த்தி உடையதாக இருக்கும். அதற்குமேல் வெப்பம் ஏற ஏற இலேசாகும். கோடைக்காலத்தில் கதிரவன் ஏரியின் மேற்பரப்பைச் சூடாக்க, இலேசான அச்சுடுநீர் மேலே மிதக்கிறது. கனமான குளிர்நீர் கீழே தங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஓர் இடைப்படலம் உண்டு. அங்கே சில அடிகள் இறங்குவதற்குள் வெப்பம் மளமளவென்று குறைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஃபோரெல் என்பவர் ஏரியியல் என்னும் துறைக்கே தந்தை எனப் போற்றப்படுகிறார். அமெரிக்க அறிஞர் பர்ஜ் 1897ஆம் ஆண்டில் இவ்விடைப்படலத்திற்குத் தனிப்பெயரே சூட்டினார். மேலும் கீழும் உள்ள நீர் ஒன்றோடொன்று கலவாதபடி இப்படலம் ஒரு தட்டியைப் போல் நிற்கிறது.

இதன் விளைவு எளிதில் புலப்படுவதன்று. உயிர்வளி, காற்று தொடும் மேல்நீரிலும், வெளிச்சம் படும் இடத்துப் பாசியிலிருந்துமே நீருக்குள் சேர்கிறது. கீழ்நீருக்குப் புது உயிர்வளி வருவதில்லை. இருப்பதையும் அடியில் மட்கும் இலைதழைகள் தின்று தீர்த்துவிடுகின்றன. எனவே கோடை முதிர்ந்த ஏரியில் மேலே உயிர்வளி உண்டு, குளிர்ச்சி இல்லை. கீழே குளிர்ச்சி உண்டு, உயிர்வளி இல்லை. நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும் இரண்டும் ஓரளவு கிட்டும்.

குளிர்நாட்டு ஏரிகளில் வாழும் டிரவுட், சால்மன் போன்ற மீன்களுக்கு அந்த மெல்லிய அடுக்கே உலகம். வானவில் டிரவுட் என்று அழைக்கப்படும் மீன் ஏறத்தாழ 12 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரை விரும்புவது. வெப்பம் 25 டிகிரியை நெருங்கினால் உயிர் தரிப்பது அரிது. வெப்பம் ஏறும்போது அதன் உடலுக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது. நீரோ அப்போது குறைவாகவே உயிர்வளியைத் தாங்கும். பத்து டிகிரியில் ஒரு லிட்டர் நீர் பதினொரு மில்லிகிராம் உயிர்வளியை ஏந்தக்கூடும்; முப்பது டிகிரியில் ஏழரைதான். தேவை கூடும் வேளையில் வரவு குறைகிறது. ஏழைக் குடும்பத் தலைவனுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, வசந்த காலத்தில் ஏரி முழுதும் சிதறித் திரிந்த மீன்கள் கோடை நடுவில், மேலே வெம்மையும் கீழே மூச்சுமுட்டும் இருளும் நெருக்க, அவ்விடை அடுக்கில் வந்து குழுமுகின்றன.

தூண்டில்காரன் இதை அறிந்துகொண்டான். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1966ஆம் ஆண்டு முதல் பசிபிக் சால்மன் குஞ்சுகள் விடப்பட்டன. அவை பெருகியபின் அங்கே தூண்டில் போடுவது ஒரு கணிதமாகிவிட்டது. நீரின் வெப்பத்தை அடிக்கு அடி அளந்து சொல்லும் கருவி ஒன்று. தூண்டிலைக் குறித்த ஆழத்திற்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஈயக்குண்டு ஒன்று. ஒலியலையை அனுப்பி, மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் பொறி மற்றொன்று. இவை மூன்றும் இருந்தால் ஏரி எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை. மீன் எங்கே இருக்கக்கூடும் என்னும் பழைய கேள்வி மறைந்து, மீன் எங்கே இருந்தே தீரவேண்டும் என்னும் விடை கைக்கு வந்துவிட்டது.

இங்கேதான் ஓர் அறக்கேள்வி தலைதூக்குகிறது. மீன் பிடிப்பது சரியா தவறா என்னும் கேள்வி பழமையானது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரமே வகுத்தார். அதன்பிறகும் தமிழன் மீன் உண்கிறான். நெய்தல் நிலத்துக்கு ஓர் இலக்கியமே வைத்திருக்கிறான். அவ்வழக்கு இவ்வளவு எளிதில் முடிவதன்று. இங்கே எழுவது அதனினும் குறுகிய கேள்வி. மீனை உண்ணலாம் என்றே வைத்துக்கொள்வோம். அது வேறு போக்கிடமின்றி ஒதுங்கிய ஒரே இடத்தை அறிவால் கண்டுபிடித்து, அங்கே தூண்டிலை இறக்குதல் திறமையா? அல்லது புகலிடத்தைக் காட்டிக்கொடுக்கும் செயலா?

மகாபாரதத்தில் இதற்கு நெருங்கிய காட்சி ஒன்று உண்டு. பதினெட்டாம் நாள் போர் முடிவில், படையெல்லாம் அழிந்து, உடலெல்லாம் புண்ணாகி, துரியோதனன் தனியனாக ஒரு மடுவுக்குள் புகுகிறான். நீரைத் தன் மாயையால் உறையச் செய்து அதனடியில் கிடக்கிறான். வெந்து தகிக்கும் உடலுக்கு அக்குளிர்நீர் ஒன்றே ஆறுதல். அவனைத் தேடிவந்த மூவர் கரையில் நின்று பேச, அவ்வழியே இறைச்சி சுமந்து சென்ற வேடர்கள் அதைச் செவியுறுகிறார்கள். பாண்டவர்க்குச் சொன்னால் பொருள் கிடைக்கும் என்று விரைகிறார்கள், கிடைக்கவும் செய்கிறது. அவ்வேடர்களுக்குத் துரியோதனன்மேல் பகையில்லை. அறத்தின்மேல் பற்றும் இல்லை. ஒருவன் எங்கே மறைந்திருக்கிறான் என்பது மட்டுமே அவர்களிடம் இருந்த சரக்கு. காப்பியப் புலவர் அவர்களைப் பழிக்கவுமில்லை, புகழவுமில்லை. கூலி வாங்கிக்கொண்டு அவர்கள் கதையிலிருந்தே போய்விடுகிறார்கள். பட்டிமன்றங்களில் வாலியை மறைந்து கொன்றது தகுமா என்று விடிய விடிய வாதிட்ட நம்மவர்கள் இவ்வேடர்களை ஒருநாளும் கூண்டில் ஏற்றியதாகத் தெரியவில்லை.

ஆனால் தருமன் கரைக்கு வந்து நின்றபோது நடந்தது எண்ணத்தக்கது. நீருக்கு வெளியே ஐவரும் கண்ணனும் படைக்கலங்களோடு நிற்கிறார்கள். உள்ளே கிடப்பவனுக்குத் துணையில்லை. அந்நிலையில் தருமன், வெளியே வா, விரும்பிய படைக்கலத்தை எடுத்துக்கொள், எங்கள் ஐவரில் ஒருவனோடு மட்டும் பொருது வென்றால் நாடு உனக்கே என்கிறான். கண்ணன் இதைக் கேட்டுக் கடிந்துகொள்கிறான். பெரும்பாடுபட்டு வென்றதைச் சூதாடித் தொலைக்கிறாயே என்னும் கருத்துப்படப் பேசுகிறான். உலகியல் நோக்கில் கண்ணன் சொன்னதே சரி. ஆயினும் தருமனுக்கு ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. தன் பக்கம் இருந்த மிகுவலிமையில் ஒரு பகுதியைத் தானே களைந்து வைத்தாலொழிய அந்த வெற்றி தன்னுடையதாகாது என்று அவன் எண்ணியிருத்தல் கூடும். பின்னர் வீமன் தொடையில் அடித்துக் கதைப்போரின் நெறியை முறித்தான் என்பதும், பலராமன் வெகுண்டான் என்பதும் வேறு கதை.

அதே காப்பியத்தில் பாண்டு மன்னன் கானகத்தில் ஒரு மானை எய்கிறான். மான் வடிவெடுத்துத் துணையோடு கூடியிருந்த கிந்தமன் என்னும் முனிவர் அது. சாகுந்தறுவாயில் அவர் சாபமிடுகிறார். வேட்டை அரசர்க்கு உரிய தொழில் என்பதை அவர் மறுக்கவில்லை. கொன்றதை விடக் கொன்ற வேளையே அவருக்குப் பெருங்குற்றமாகப் படுகிறது. உயிர் தன் இயற்கையின் கட்டளைக்கு உட்பட்டு, தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் இருக்கும் கணம் அது. டிரவுட் மீன் குளிரடுக்கில் நிற்பதும் அத்தகைய கட்டளையால்தான். அது சோம்பி அங்கே நிற்கவில்லை, ஏமாந்தும் நிற்கவில்லை.

இதற்கு எதிர்வழக்கு வலுவானது. மீன் பிடித்தல் என்பதே, மீனுக்கு எது இன்றியமையாததோ அங்கே காத்திருத்தல்தானே? ஆற்றுமுகத்தில் வலைகட்டும் செம்படவன், மீன் எப்போது கடலிலிருந்து ஏறும் என்று அறிந்தே கட்டுகிறான். ஜொகூரின் கடலோரத்தில் கம்புகளை நட்டுக் கேலோங் அமைத்தவர்கள், நீரோட்டம் மீனை எப்படிக் கொண்டுவரும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்கள். பிறையைப் பார்த்தும் பருவக்காற்றைப் பார்த்தும் கடலில் இறங்கியவர்க்கு வெப்பமானி இல்லையே தவிர, அறிவு இல்லாமலில்லை. அவ்வறிவைக் குற்றமென்றால் அடுப்பில் உலை ஏறாது. ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த நம் மக்கள், பால்மரம் சீவி முடித்த பிற்பகலில் மண்புழுவும் மூங்கில் கழியுமாகக் குட்டைக்குச் சென்றார்கள். மழை பெய்த மறுநாள் மீன் கடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெயில் ஏறினால் நிழல் விழும் மூலையில் போடவேண்டும் என்றும் தெரியும். அன்றைக்குக் கிடைத்தது அன்றைக்குக் குழம்பு. அதில் விளையாட்டு எவ்வளவு, பசி எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிட எவராலும் முடியாது. அப்படிப் பிரிக்க முற்படுவதே வயிறு நிறைந்தவனின் வேலையாகவும் இருக்கலாம்.

ஆயினும் பசியின் பங்கு முற்றிலும் நீங்கிவிட்ட இடங்களும் உண்டு. டிரவுட் மீன் நம் மக்கள் வாழும் மலைகளுக்கு வந்த வரலாறு அதற்குச் சான்று. நீலகிரியில் இம்மீனைக் குடியேற்ற 1863ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் முயன்று தோற்றார். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும், மூணாற்று உயர்மலைத் தொடரிலும் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தம் பொழுதுபோக்குக்காக இம்மீனை வளர்த்தார்கள். வெப்ப நாட்டில் குளிர்நீர் எங்கே கிடைக்கும் என்று தேடி மலையுச்சிக்கே ஏறினார்கள். அம்மலைகளிற் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்டிர்க்கு அந்த ஓடைகளின் மீன் எட்டாப் பொருள். துரை தன் நாட்டை நினைத்துத் தூண்டில் போட்டான். தன் நாட்டை நினைத்தவர்கள் கூடை சுமந்தார்கள். குளிரடுக்கைத் தேடி ஒதுங்கியது மீன் மட்டுமன்று போலும்.

இனி வெப்ப நாட்டு ஏரிக்கு வருவோம். ஜொகூரில் டிரவுட்டும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆகவே இங்கே நீர் அடுக்குகளாகப் பிரியாது என்று கருதுபவர் உண்டு. 1928, 1929ஆம் ஆண்டுகளில் சாவகம், சுமாத்திரா, பாலித் தீவுகளின் ஏரிகளை ஆராய வந்த செருமானியக் குழுவைச் சேர்ந்த ருட்னர் என்பவர் வேறுவிதமாகக் கண்டார். மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடே இருப்பினும் அடுக்குகள் உறுதியாக நிற்கின்றன என்பதே அவர் கண்டது. காரணம் எளிது. நான்கு டிகிரி நீர் ஐந்து டிகிரியானால் அதன் அடர்த்தி குறைவது மிகச் சிறிதளவே. இருபத்தொன்பது டிகிரி நீர் முப்பதானால் அடர்த்தி அதைப்போல முப்பது மடங்கிற்கும் மேலாகக் குறைகிறது. வெப்ப நாட்டில் சிறு வேறுபாடே பெருஞ்சுவராகிவிடுகிறது.

அச்சுவருக்குக் கீழே உள்ள நீர், அணைகட்டி நிறுத்திய தேக்கங்களில் இன்னும் கொடியது. காடு மூழ்குகிறது, மூழ்கிய இலையும் கிளையும் மட்கி உயிர்வளியைக் குடித்துவிடுகின்றன. திரெங்கானு மாநிலத்துக் கென்யிர் ஏரியில், 1985ஆம் ஆண்டில் நீர் நிரம்பத் தொடங்கி இத்தனை ஆண்டுகள் ஆகியும், பட்ட மரங்கள் நீரின்மேல் நிற்பதைக் காணலாம். மேலே சில மீட்டர் ஆழம் வரையே மீனுக்கு ஏற்ற நீர். அதன்கீழ் அழுகல் நாற்றமடிக்கும் இருட்டு. வறட்சி வந்தால் அச்சிறு இடமும் சுருங்கும். சிங்கப்பூரின் குடிநீர்த் தேவைக்கும் துணைநிற்கும் லிங்கியு நீர்த்தேக்கம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்குக்கு வற்றியது. செய்தித்தாள்கள் குழாய்களைப் பற்றிக் கவலைப்பட்டன, அது இயல்பே.

பெருமழையும் காற்றும் வந்தால் நேர்வது வேறு. குளிர்ந்த மழைநீர் கீழிறங்க, அடியிலிருந்த உயிர்வளியற்ற நீர் மேலே புரண்டு வருகிறது. மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து தத்தளிக்கின்றன. சுமாத்திராவின் தோபா ஏரியில், ஹரங்காவோல் என்னுமிடத்தில் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட மீன்கள் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆயிரம் டன்னுக்கு மேல் மாண்டன. கூண்டு மீனுக்கு ஓட இடமில்லை. கட்டற்ற மீனாயின் கரையோரம் வந்து ஒதுங்கும். அப்போது கைவலையோடு அள்ளுவோரும் வருவர். கிடைக்கும் வரத்தை விடுவானேன் என்பது அவர்கள் வாதம். சாகப்போகும் மீனை அள்ளுவதில் பெரும் பிழை காண இயலாதுதான். எனினும் இங்கே ஒன்றை மறத்தலாகாது. மலையேரியில் கோடை செய்ததை இங்கே மனிதன் கட்டிய அணை செய்திருக்கிறது. நெருக்கடியை உண்டாக்கியவனே அந்நெருக்கடியைத் தன் திறமைக்கு வாய்ப்பாகக் கொள்ளும்போது, செம்படவனுக்குச் சொன்ன நியாயம் அவனுக்கு அப்படியே பொருந்துமா?

இன்னொரு வகை மூச்சும் இந்நாட்டு நீர்நிலைகளில் உண்டு. தோமான் என்பது விரால் இனத்துப் பெருமீன். அது செவுளால் மட்டும் வாழ இயலாதது. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கியே தீரவேண்டும். அதனாலேயே உயிர்வளி குன்றிய குட்டையிலும் அது பிழைத்திருக்கிறது. ஆனால் அதே இயல்பு அதைக் காட்டியும் கொடுக்கிறது. குஞ்சு பொரித்தபின் தாயும் தந்தையும் அவற்றைக் கூட்டமாக மேய்த்துக் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒருசேர மேலெழுந்து மூச்சு வாங்கும்போது நீர்ப்பரப்பு சிவந்து கொதிப்பதுபோல் தோன்றும். அதன் அடியிலேயே பெற்றோர் நிற்கும் என்பது தூண்டில்காரர் அறிந்த உண்மை. அச்செந்திட்டின் நடுவே பொய்யிரையை வீசினால், குஞ்சைத் தின்ன வந்த பகையென்று எண்ணிப் பெருமீன் பாய்ந்து கவ்வும். பசியால் கவ்வுவதில்லை, சினத்தால் கவ்வுகிறது. பிள்ளையைக் காக்கும் சினம் அது. காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்று தீர்க்கும். இவ்வாறு பிடிப்பது தகாது என்று மலேசியத் தூண்டில்காரர்களில் ஒரு சாரார் சொல்லிவருகின்றனர். தோமான் கொள்ளைக்கார மீன், குறைந்தால் நல்லதே என்பார் மறுசாரார். கிந்தமர் உயிரோடு இருந்தால் எப்பக்கம் நிற்பார் என்பதில் ஐயமில்லை.

ஸ்பானிய மெய்யியலார் ஒர்தேகா இ காசெத், 1942ஆம் ஆண்டு வேட்டையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதையொட்டிய ஒரு கருத்தைக் கூறுகிறார். மனிதன் தன் முழு வலிமையையும் பயன்படுத்தினால் விலங்குக்கு எந்த வாய்ப்பும் இராது; அப்போது அது வேட்டையே ஆகாது, வெறும் அழிப்பு; ஆகவே வேட்டைக்காரன் தன் மேன்மைக்குத் தானே ஓர் எல்லை இடுகிறான் என்பது அவர் துணிபு. இதில் ஒரு குறை உண்டு. விளையாட்டு சுவைபட நடக்கவேண்டும் என்பதற்காக இடப்படும் எல்லை, மீனுக்காக இடப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒலியலைப் பொறியை வீட்டில் வைத்துவிட்டு வரும் செல்வன், தன் இன்பத்தை நீட்டிக்கவே அவ்வாறு செய்கிறான் எனின் அதில் அறம் எங்கே இருக்கிறது? தருமன் மடுக்கரையில் சொன்ன சொல்லை ஆட்டத்தின் சுவைக்காகச் சொன்னதாகக் கொள்ள இயலாது. தோற்றால் நாடு போய்விடும் என்பதை அறிந்தே அவன் சொன்னான்.

பிடித்த மீனை விட்டுவிடுகிறோமே என்று அமைதி காண்பவர்களுக்கும் நீரடுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆழத்துக் குளிர்நீரில் தூண்டிலைக் கவ்விய டிரவுட், போராடிக் களைத்து, வெதுவெதுப்பான மேல்நீர் வழியாக இழுத்து வரப்படுகிறது. களைத்த உடலுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டிய வேளையில், அது குறைந்த நீரில் அவிழ்த்து விடப்படுகிறது. வாலை அசைத்து ஆழத்துக்கு அது செல்வதைக் கண்டு பிடித்தவன் மகிழ்வான். சற்றுநேரம் கழித்து அது செத்து மிதந்தால் காண அவன் அங்கிரான்.

இதை உணர்ந்த சிலர் அந்த வெப்பமானியையே வேறுவிதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் ஏறத்தாழ 23 டிகிரி வெப்பத்தை எட்டினால், பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடுவதைத் தடைசெய்ய அரசு ஆணையிடும். நீர் குளிர்ந்திருக்கும் வேளையை மட்டும் விட்டுவைப்பார்கள். மீன் எங்கே நெருங்கி நிற்கும் என்று காட்டிய அதே அளவு, எப்போது தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்றும் காட்டுகிறது. கருவி ஒன்றே; படிப்பவன் எதைத் தேடிப் படிக்கிறான் என்பதில் வேறுபாடு பிறக்கிறது.

செம்புரோங் கரையில் அப்படிப்பட்ட ஆணை எதுவும் வேண்டியதில்லை எனலாம். இங்குள்ள மீன்கள் வெப்பத்துக்குப் பழகியவை. ஆனால் வறண்ட மாதத்தில் நீர் வடிந்து சேறு தெரியும்போது, எஞ்சிய நீரின் நடுவே எங்கேனும் ஒரு செந்திட்டு எழும். சில நொடிகள் கொதித்து அடங்கும். கரையிலிருப்பவனிடம் கழி இருக்கிறது, பொய்யிரை இருக்கிறது, வீட்டில் வேறு குழம்பும் இருக்கிறது. சற்றுத் தொலைவில் மறுபடியும் நீர் சிவக்கிறது.